தாமதம் கவனமாகாது: தாதியர், மருத்துவ மாதுக்களின் பதிவும் வாவிக்கரை மக்களின் நலனும்

மட்டக்களப்பு வாவியின் இருகரைகளிலும் வாழும் மக்களுக்குச் சுகாதார சேவை என்றவுடன் முதலில் நினைவுக்கு வருபவர்கள், கர்ப்பிணியின் வீடு தேடி வரும் குடும்பநல உத்தியோகத்தரும், வைத்தியசாலை விடுதியில் இரவு முழுவதும் விழித்திருக்கும் தாதியுமேயாவர். மருத்துவ நிபுணரைக் காண்பதற்கு நாள் குறித்துச் செல்ல வேண்டும். இவ்விருவரோ நம்முடைய அன்றாட வாழ்வுடன் கலந்தவர்கள். ஏறாவூரிலும் காத்தான்குடியிலும் ஆரையம்பதியிலும் களுவாஞ்சிக்குடியிலும், வாவிக்கு அப்பால் கொக்கட்டிச்சோலையிலும் வெல்லாவெளியிலும் பிறக்கும் குழந்தைகளின் நலனில் இவர்களது பங்கு எத்தகையது என்பதைத் தாய்மார் நன்கறிவர்.

இத்தகைய சேவையில் இணைவதற்காகப் பயிற்சி பெற்ற ஒருவர், பயிற்சி முடிந்த மறுநாளே சட்டப்படி தொழில் செய்யத் தகுதி பெற்றுவிடுவதில்லை. அவரது பெயர் உரிய சபையின் பதிவேட்டில் ஏறவேண்டும். அதற்கான இலக்கமும் சான்றிதழும் அவர் கைக்கு வரவேண்டும். அதுவரை அவர் கற்றது எவ்வளவாயினும் சட்டத்தின் கண்களில் அவர் தொழில்புரிநர் அல்லர். பயிற்சிக்கும் பதிவுக்கும் இடையிலுள்ள இக்காலம் நீளும்போது பாதிக்கப்படுவது அந்த இளம்பெண் மாத்திரமன்று. அவரை எதிர்பார்த்திருக்கும் கிராமமும் பாதிக்கப்படுகின்றது. ஆயினும் இது பற்றி நம்மிடையே பேசப்படுவது குறைவு. நியமனத் தாமதம் செய்தியாகின்றது, இடமாற்றம் போராட்டமாகின்றது, பதிவுத் தாமதமோ கோப்புகளுக்குள்ளேயே அடங்கிவிடுகின்றது.

பதிவு ஏன் தேவைப்படுகின்றது, அது எவ்விடங்களில் தடைப்படக்கூடும், சோதனையின் கடுமையைக் குறைக்காமலே காலத்தை எவ்வாறு குறைக்கலாம் என்பவற்றை விளக்க முற்படுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பதிவேடு யாருக்காக?

தொழில்சார் பதிவு என்பது தொழிலில் இருப்போருக்கு வழங்கப்படும் பட்டம் எனச் சிலர் கருதுகின்றனர். உண்மையில் அது நோயாளிக்கு வழங்கப்படும் உத்தரவாதமாகும். தன் கையில் ஊசி ஏற்றுபவர் யார், தன் மனைவியின் பிரசவத்தைப் பார்ப்பவர் யார் என்பதை ஒரு சாதாரண மனிதனால் பரிசோதித்து அறிய முடியாது. அவனுக்காக அதனைப் பரிசோதித்து, 'இவர் தகுதியுடையவர்' என்று பகிரங்கமாகக் கூறுவதற்கே பதிவேடு ஏற்படுத்தப்பட்டது. தவறிழைத்தவரை விசாரித்து அப்பதிவேட்டிலிருந்து நீக்கும் அதிகாரமும் அதனுடன் சேர்ந்ததே.

உலகில் தாதியருக்கென நாடளாவிய பதிவை முதன்முதலில் சட்டமாக்கிய நாடு நியூசிலாந்து ஆகும். 1901 இல் அச்சட்டம் நிறைவேறியது. 1902 ஜனவரியில் எலன் டொஹர்ட்டி என்ற பெண்மணி முதலாவது பதிவுபெற்ற தாதியானார். அதே 1902 இல் இங்கிலாந்தில் மருத்துவ மாதுக்களுக்கான சட்டம் வந்தது. அங்கு தாதியருக்கான பதிவுச் சட்டம் 1919 இலேயே நிறைவேறியது. நமது அயலில், அன்றைய சென்னை மாகாணம் தாதியருக்கும் மருத்துவ மாதுக்களுக்குமான சட்டத்தை 1926 இல் இயற்றியது. இலங்கையின் மருத்துவக் கட்டளைச் சட்டம் 1927 ஆம் ஆண்டுக்குரியதாகும்.

இங்கிலாந்தின் 1902 ஆம் ஆண்டுச் சட்டத்தில் நாம் கவனிக்கத்தக்க ஓர் அம்சமுண்டு. பயிற்சிச் சான்றிதழ் இல்லாவிடினும் ஏற்கெனவே நன்னடத்தையுடன் பிரசவம் பார்த்துவந்த பெண்களைப் பதிவேட்டில் சேர்த்துக்கொள்ள, குறித்த காலத்துக்கு அச்சட்டம் வழிவிட்டது. ஒரேநாளில் கதவை அடைத்திருந்தால் கிராமத்துத் தாய்மார் உதவியின்றித் தவித்திருப்பர் என்பதைச் சட்டம் இயற்றியோர் உணர்ந்திருந்தனர். ஒழுங்கும் வேண்டும், சேவையும் தடைப்படக்கூடாது. பதிவு முறையின் வரலாறு முழுவதிலும் இவ்விரு தேவைகளையும் ஒருசேர நிறைவேற்றும் முயற்சியையே காண்கின்றோம்.

நம் நாட்டின் ஏற்பாடு

இலங்கையில் இவ்விரு தொழில்களுக்கும் இரு வேறு வாயில்கள் உள்ளன. மருத்துவ மாதுக்களின் பதிவு, மருத்துவக் கட்டளைச் சட்டத்தின் கீழ் இலங்கை மருத்துவ சபையிடம் உள்ளது. மருத்துவர், பல் மருத்துவர், மருந்தாளர் ஆகியோரைப் பதியும் அதே சபையே மருத்துவ மாதுக்களையும் பதிகின்றது. தாதியருக்கெனத் தனியான சபையொன்றை அமைப்பதற்கு 1988 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க இலங்கைத் தாதியர் சபைச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. பதினேழு ஆண்டுகள் கழித்து 2005 இல் 35 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் வந்தது.

பயிற்சியும் இரு வகைப்பட்டது. அரச தாதியர் கல்லூரிகளில் தாதியர் மூன்றாண்டு டிப்ளோமா பயில்கின்றனர். மட்டக்களப்பிலும் அத்தகைய கல்லூரி உண்டு. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுகாதாரப் பராமரிப்பு விஞ்ஞான பீடம் தாதியியலில் பட்டக் கல்வியை வழங்குகின்றது. குடும்பநல உத்தியோகத்தராகும் மருத்துவ மாதுக்களுக்குரிய பயிற்சி ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுகள் நீடிக்கின்றது. அதில் ஒரு பகுதி கல்லூரியிலும் வைத்தியசாலையிலும், எஞ்சியது வெளிக்களத்திலும் அமைகின்றது.

இந்த மருத்துவ மாதுவைச் சட்டம் ஒரு பெயராலும் சுகாதாரப் பணிமனை இன்னொரு பெயராலும் அழைக்கின்றன. ஊரவர்களுக்கோ அவர் 'மிட்வைப் மிஸ்'. கர்ப்பிணியைப் பதிவுசெய்வது முதல், வீட்டுக்குச் சென்று பார்ப்பது, தடுப்பூசிக்கு அழைப்பது, குழந்தையின் நிறையை அளந்து பதிவது, திரிபோஷா கிடைக்கச்செய்வது வரை அவரது பணி விரிந்தது. ஏறத்தாழ மூவாயிரம் பேருக்கு ஒருவர் என்ற அளவில் இவர்களை அமர்த்துவதே நாட்டின் இலக்காக இருந்துவந்துள்ளது.

இவ்வேற்பாட்டின் பயனை எண்கள் கூறும். 1950 அளவில் இந்நாட்டில் ஓர் இலட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு ஐந்நூறுக்கும் மேற்பட்ட தாய்மார் இறந்தனர். 2010களில் அத்தொகை முப்பதுக்கும் நாற்பதுக்கும் இடைப்பட்டதாகக் குறைந்தது. இன்று பிரசவங்களில் 99 வீதத்துக்கும் அதிகமானவை வைத்தியசாலைகளிலேயே நிகழ்கின்றன. நம்மைவிடப் பன்மடங்கு செல்வம் படைத்த நாடுகளும் வியந்து நோக்கும் இச்சாதனைக்குப் பயிற்சி பெற்று, பதிவு பெற்று, கிராமத்தில் நின்று பணியாற்றிய மருத்துவ மாதுக்கள் முக்கிய காரணமாவர்.

வாவியின் புவியியல்

ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமான இவ்வாவி நமது மண்ணை எழுவான்கரை, படுவான்கரை எனப் பிரிக்கின்றது. கடலோர எழுவான்கரையில் தமிழ்க் கிராமங்களும் முஸ்லிம் ஊர்களும் மாறிமாறி நெருங்கியமைந்துள்ளன. படுவான்கரையில் வயலும் காடும் குளமும் விரிந்து, குடியிருப்புகள் தொலைவிலுள்ளன. 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி மட்டக்களப்பு மாவட்டத்தின் மக்கள்தொகை 5 இலட்சத்து 26 ஆயிரத்துக்கும் அதிகமாகும்.

2014 இல் மண்முனைப் பாலம் திறக்கப்படும்வரை கொக்கட்டிச்சோலைப் பக்கத்து மக்களுக்கு அத்துறையில் படகுப் பாதையே துணையாக இருந்தது. குருமண்வெளியிலிருந்து மண்டூருக்கும், குருக்கள்மடத்திலிருந்து அம்பிளாந்துறைக்கும் பாதையில் ஏறியே வாவியைக் கடந்த காலத்தை நம்மில் பலர் அறிவர். போர்க்காலத்தில் 2007 வரை படுவான்கரையின் பெரும்பகுதிக்குச் செல்வதற்குச் சோதனைச் சாவடிகளையும் தாண்ட வேண்டியிருந்தது. அக்காலத்திலும் மருத்துவ மாதுக்கள் அக்கரைக்குச் சென்று கர்ப்பிணிகளைப் பார்த்தனர் என்பது நன்றியுடன் நினைவுகூரத்தக்கது.

இத்தகைய நிலவமைப்பில் ஒரு பிரிவுக்குரிய உத்தியோகத்தர் வராதிருந்தால், பக்கத்துப் பிரிவைச் சேர்ந்தவர் தம் பணியுடன் அதனையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நகரத்தில் அது கூடுதல் சுமை. படுவான்கரையிலோ அது பல கிலோமீற்றர் பயணம். மழைக்காலமாயின் வெள்ளம் சூழ்ந்த வீதி. வீட்டுக்கு மாதமொருமுறை வரவேண்டியவர் இரு மாதங்களுக்கு ஒருமுறை வருவார். இரத்த அழுத்தம் ஏறுவதையும் குருதிச்சோகையையும் உரிய வேளையில் கண்டுகொள்ளும் வாய்ப்பு அவ்வளவுக்குக் குறைகின்றது.

மொழியும் பண்பாடும் இதில் சேர்கின்றன. நம் தாய்மார், தமிழராயினும் முஸ்லிம்களாயினும், தம் உடல்நிலை பற்றித் தாய்மொழியிலேயே மனம்விட்டுப் பேசுவர். பெண்ணொருவரிடமே பேச விரும்புவர். எனவே இப்பிரதேசத்திலிருந்து பயிற்சிக்குச் சென்ற தமிழ்மொழி பேசும் ஒவ்வொரு பெண்ணும் அரிய மனித வளமாவார். அவரது கோப்பு மேசையில் கிடக்கும் ஒவ்வொரு மாதமும் வாவிக்கரையின் நட்டமேயாகும்.

எங்கே தடைப்படுகின்றது?

பதிவுத் தாமதம் இலங்கைக்கு மாத்திரம் உரிய நோயன்று. பிரித்தானியா, அவுஸ்திரேலியா போன்ற நாடுகளிலும் இது நீண்டகாலமாகப் பேசப்பட்ட விடயமே. எந்நாட்டுச் சபையாயினும், ஒரு விண்ணப்பம் பொதுவாக நான்கு இடங்களில் காத்திருக்கும் வாய்ப்புண்டு.

முதலாவது, விண்ணப்பம் சபைக்குச் செல்வதற்கு முன்னரே ஏற்படும் காத்திருப்பு. இறுதிப் பரீட்சை முடிந்து பெறுபேறு வெளியாகி, பயிற்சி நிறுவனம் சித்தியடைந்தோரின் விபரத்தை உறுதிப்படுத்தி அனுப்பும்வரை மாணவியால் எதுவும் செய்ய முடியாது.

இரண்டாவது, குறைபாடுள்ள விண்ணப்பம். ஓர் ஆவணம் இல்லை எனக் கடிதம் வருகின்றது. அதனை அனுப்பியபின், இன்னொன்று பொருந்தவில்லை என மற்றொரு கடிதம் வருகின்றது. ஒரே தடவையில் கேட்டிருக்கவேண்டியதை மூன்று தடவைகளில் கேட்டால், ஒவ்வொரு தடவையும் கோப்பு வரிசையின் கடைசிக்குச் செல்கின்றது.

மூன்றாவது, அங்கீகாரத்துக்கான காத்திருப்பு. சபையோ அதன் குழுவோ கூடித் தீர்மானிக்கவேண்டிய முறையில், கூட்டம் பிற்போடப்பட்டால் எல்லா விண்ணப்பங்களும் சேர்ந்தே பிற்போகின்றன. உறுப்பினர்களின் பதவிக்காலம் முடிந்து புதியவர்கள் நியமிக்கப்படாதிருந்தால் நிலைமை இன்னும் மோசமாகும்.

நான்காவது, சான்றிதழ் அச்சாகிக் கையொப்பமாகி அனுப்பப்படும்வரை ஏற்படும் காத்திருப்பு. பதிவு நடந்துவிட்டது, தாள் வரவில்லை. தொழில் வழங்குநரோ தாளைத்தான் கேட்கின்றார்.

நம் நாட்டில் இன்னொரு காரணமும் சேர்கின்றது. அரச சேவைக்குத் தாதியர் அணி அணியாகச் சேர்க்கப்பட்டு, அணி அணியாகவே வெளியேறுகின்றனர். 2025 மே மாதத்தில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட தாதியருக்கு ஒரே வேளையில் நியமனம் வழங்கப்பட்டதை நாம் அறிவோம். ஆண்டு முழுவதும் சிறு ஓடையாக வரவேண்டிய வேலை, ஒருசில வாரங்களில் வெள்ளமாக வந்தால் எந்த அலுவலகமும் திணறவே செய்யும். ஆனால் இந்த வெள்ளம் எப்போது வரும் என்பது மூன்றாண்டுகளுக்கு முன்னரே தெரிந்ததல்லவா? மாணவியர் கல்லூரியில் சேர்ந்த நாளே அவர்கள் பதிவுக்கு வரப்போகும் ஆண்டினையும் கூறிவிடுகின்றது.

இவை அனைத்தையும் கூர்ந்து நோக்கின் ஓர் உண்மை புலப்படும். ஒரு கோப்பினை உண்மையாகப் பரிசோதிப்பதற்குத் தேவைப்படும் நேரம் சில மணித்தியாலங்களே. உதாரணமாக, மூன்று மணித்தியால வேலைக்காக ஒரு கோப்பு மூன்று மாதங்கள் அலுவலகத்தில் இருந்ததெனக் கொண்டால், எஞ்சிய காலம் முழுவதும் அது யாரும் தொடாமல் கிடந்த காலமாகும். கிடந்ததனால் கோப்பிலுள்ள பொய் வெளிப்படப்போவதில்லை, மெய்யும் உறுதிப்படப்போவதில்லை. எனவே தாமதத்தைக் கவனம் என்று கொள்வது தவறாகும்.

பெயரில் தொடங்கும் சிக்கல்

தமிழ், முஸ்லிம் விண்ணப்பதாரிகளைச் சிறப்பாகப் பாதிக்கும் ஒரு சிக்கலை இங்கு எடுத்துக்கூற வேண்டும். அது பெயரில் தொடங்குகின்றது.

நம் பிறப்புச் சான்றிதழ்கள் பெரும்பாலும் தமிழில் எழுதப்பட்டவை. தேசிய அடையாள அட்டை, க.பொ.த. உயர்தரச் சான்றிதழ், பயிற்சிச் சான்றிதழ், கடவுச்சீட்டு ஆகியவற்றில் பெயர் ஆங்கில எழுத்தில் வரும்போது ஒவ்வோர் இடத்திலும் ஒவ்வொரு விதமாக அமைந்துவிடுகின்றது. முகம்மது என்ற தந்தையின் பெயர் ஓரிடத்தில் 'ஓ' எழுத்துடனும் இன்னோரிடத்தில் 'யூ' எழுத்துடனும், ஓரிடத்தில் ஒற்றை 'எம்' உடனும் இன்னோரிடத்தில் இரட்டை 'எம்' உடனும் எழுதப்படும். தங்கேஸ்வரி என்ற பெயரில் 'த' வுக்கு ஓரிடத்தில் 'எச்' சேரும், இன்னோரிடத்தில் சேராது. தந்தையின் பெயர் முதலெழுத்தாகச் சுருங்குவதும், திருமணத்தின் பின் கணவரின் பெயர் சேர்வதும் குழப்பத்தைக் கூட்டுகின்றன. ஊரில் எவருக்கும் ஐயமில்லாத ஒரு பெண், தாள்களில் மூன்று பெண்களாகத் தோன்றுகின்றாள்.

போரினாலும் இடப்பெயர்வினாலும், 2004 டிசம்பர் 26 ஆம் திகதி நேர்ந்த ஆழிப்பேரலையினாலும் மூல ஆவணங்களை இழந்த குடும்பங்கள் நாவலடியிலும் கல்லாற்றிலும் கல்முனையிலும் மருதமுனையிலும் உள்ளன. பின்னர் பெறப்பட்ட பிரதிகளில் எழுத்துப் பிழைகள் புகுந்திருப்பின், பல ஆண்டுகள் கழித்துப் பதிவு விண்ணப்பத்தின்போதுதான் அவை வெளிப்படுகின்றன. அப்போது பிறப்புப் பதிவைத் திருத்துவதா, சத்தியக்கடதாசி முடிப்பதா என்று பிரதேச செயலகத்துக்கும் சமாதான நீதவானின் வீட்டுக்குமாக அலைய வேண்டியுள்ளது. ஒரு விளக்கம் கேட்டு கொழும்புக்குச் செல்வதாயின் முந்நூறு கிலோமீற்றருக்கு மேற்பட்ட பயணம்; இரவுப் புகையிரதம்; பெண்பிள்ளையைத் தனியே அனுப்ப முடியாதென்று துணைக்கு ஒருவர்; இரு நாட்களின் செலவு. அந்தச் செலவுக்கு நகை அடகுக்குச் செல்லும் வீடுகள் நம்மிடையே குறைவல்ல.

சோதனை வேண்டாமா?

விரைவு வேண்டும் என்பது கண்ணை மூடிக்கொண்டு பதிய வேண்டும் என்பதாகாது. 2023 ஜனவரியில் அமெரிக்காவில் வெளிப்பட்ட மோசடி இதற்குத் தக்க எச்சரிக்கையாகும். புளோரிடா மாநிலத்திலிருந்த மூன்று தாதியர் பாடசாலைகளின் பெயரால் 7,600 க்கும் மேற்பட்ட போலித் தகுதிச் சான்றிதழ்கள் விற்கப்பட்டிருந்தமையை அதிகாரிகள் கண்டறிந்தனர். பணம் கொடுத்துத் தாள் வாங்கியோர் தாதியராக உரிமம் பெற முயன்றனர், சிலர் பெற்றும்விட்டனர். நோயாளியின் உயிருடன் விளையாடும் இத்தகைய செயலைத் தடுப்பதற்கே பதிவுச் சபைகள் உள்ளன.

ஆனால் அம்மோசடியைக் கண்டுபிடிக்க உதவியது விசாரணையேயன்றிக் கோப்புகளின் காத்திருப்பன்று. சான்றிதழை வழங்கிய நிறுவனத்திடம் நேரடியாகக் கேட்டு உறுதிப்படுத்துவதே போலியைத் தடுக்கும் வழி. அது ஒரு வாரத்தில் முடியுமாயின் ஒரு வாரத்தில் முடிக்கலாம்.

மேலும், தாமதமே ஆபத்தை வளர்க்கின்றது என்பதையும் மறுக்க முடியாது. பதிவு பெற்றவர்கள் உரிய வேளையில் கிடைக்காவிடின், வெற்றிடத்தை நிரப்பப் பதிவில்லாதவர்கள் வெள்ளைச் சீருடையுடன் அமர்த்தப்படும் நிலை உருவாகும். நோயாளிக்கு இருவருக்குமிடையிலான வேறுபாடு தெரியாது. பாதுகாப்புக்காக ஏற்படுத்தப்பட்ட முறை, தன் மெத்தனத்தால் பாதுகாப்பின்மைக்கு இடமளித்ததாகிவிடும்.

பிற நாடுகள் காட்டும் வழி

காலத்தைக் குறைக்க முடியும் என்பதற்கு அண்மைக்கால உதாரணங்கள் உள்ளன. கொவிட் தொற்றின்போது பிரித்தானியப் பாராளுமன்றம் நிறைவேற்றிய அவசரச் சட்டம் 2020 மார்ச் 25 ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. இரண்டே நாட்களில் அந்நாட்டின் தாதியர், மருத்துவ மாதுக்கள் சபை தற்காலிகப் பதிவேடொன்றைத் திறந்தது. அண்மையில் சேவையிலிருந்து விலகியோரின் பழைய விபரங்கள் சபையிடம் ஒழுங்காக இருந்தமையாலேயே அது சாத்தியமாயிற்று. அதற்கு முன்னர் 2019 இலேயே வெளிநாட்டு விண்ணப்பதாரிகளுக்கான முறையை அச்சபை இணையவழிக்கு மாற்றி எளிமைப்படுத்தியிருந்தது.

அவுஸ்திரேலியா 2025 இல், தன் தரத்துக்கு ஒப்பானவை எனத் தான் ஏற்றுக்கொண்ட சில நாடுகளில் பதிவு பெற்ற தாதியருக்கு விரைவு வழியொன்றை ஏற்படுத்தியது. ஏறக்குறைய ஓராண்டுவரை நீண்ட காத்திருப்பைச் சில மாதங்களாகக் குறைப்பதே அதன் நோக்கம். ஒரு நாடு நம்பத்தக்க பதிவு முறையைக் கொண்டிருப்பின், அதன் தாதியருக்குப் பிற நாடுகளிலும் கதவுகள் விரைவாகத் திறக்கும் என்பதை இது உணர்த்துகின்றது.

இந்தியா 2023 இல் தேசியத் தாதியர், மருத்துவ மாதுக்கள் ஆணைக்குழுச் சட்டத்தை நிறைவேற்றி, 1947 ஆம் ஆண்டின் பழைய சட்டத்துக்குப் பதிலாகப் புதிய கட்டமைப்புக்கு வழிவகுத்தது. இணையவழித் தேசியப் பதிவேடு அதன் முக்கிய அம்சங்களுள் ஒன்றாகும்.

நம் நாட்டுக்குள்ளேயே ஒரு முன்மாதிரி உண்டு. மருத்துவக் கல்வியை முடித்தவர்களுக்கு இலங்கை மருத்துவ சபை தற்காலிகப் பதிவு வழங்குகின்றது. அதனைக் கொண்டு அவர்கள் வைத்தியசாலைகளில் மேற்பார்வையின் கீழ் உள்ளகப் பயிற்சி பெறுகின்றனர். அதன் பின்னரே முழுப் பதிவு. மருத்துவர் விடயத்தில் ஏற்கத்தக்கதாக உள்ள இம்முறையைத் தாதியர், மருத்துவ மாதுக்கள் விடயத்திலும் ஆராய்வதில் தவறில்லை.

செய்யத்தக்கவை

முதலாவதாக, ஆவணப் பரிசோதனையைப் பயிற்சியின் முடிவில் தொடங்காமல் அதன் முதலாண்டிலேயே தொடங்க வேண்டும். பெயர், பிறந்த திகதி, கல்வித் தகைமை ஆகியவை மூன்றாண்டுகளில் மாறப்போவதில்லை. அவற்றை முன்னரே சரிபார்த்து வைத்தால், இறுதியில் எஞ்சுவது பரீட்சைப் பெறுபேறு மாத்திரமே. பிழைகளைத் திருத்தவும் மாணவிக்குப் போதிய காலம் கிடைக்கும்.

இரண்டாவதாக, தேவையான ஆவணங்களின் பட்டியல் சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மும்மொழிகளிலும் ஒரே தாளில் வெளியிடப்பட வேண்டும். குறைபாடுகள் இருப்பின் அவை அனைத்தும் ஒரே கடிதத்தில், விண்ணப்பதாரியின் மொழியில் அறிவிக்கப்பட வேண்டும். தமிழ் அரசகரும மொழியாகி நெடுங்காலமாகிவிட்டது. இதனைக் கேட்பது சலுகை கோருவதாகாது.

மூன்றாவதாக, கிழக்கில் ஆவணங்களை ஏற்று மூலப்பிரதிகளைச் சரிபார்க்கும் கருமபீடமொன்று வேண்டும். மட்டக்களப்பிலும் கல்முனையிலும் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர் பணிமனைகள் இயங்குகின்றன. மாதத்தில் ஓரிரு நாட்கள் அங்கு இப்பணியைச் செய்யலாம். தீர்மானிக்கும் அதிகாரம் கொழும்பிலேயே இருக்கட்டும். தாள் பார்ப்பதற்காக ஒரு பெண் நாட்டைக் குறுக்கே கடக்க வேண்டியதில்லை.

நான்காவதாக, ஒவ்வொரு கட்டத்துக்கும் காலவரையறை குறிக்கப்பட்டு, சராசரியாக எத்தனை நாட்கள் எடுத்தன என்பது ஆண்டுதோறும் பகிரங்கப்படுத்தப்பட வேண்டும். அளக்கப்படாத தாமதம் குறைக்கப்படுவதில்லை.

ஐந்தாவதாக, சாதாரண விண்ணப்பத்தையும் சிக்கலான விண்ணப்பத்தையும் வேறுபடுத்த வேண்டும். அரச கல்லூரியில் பயின்று அரச பரீட்சையில் சித்தியடைந்து, ஆவணங்கள் அனைத்தும் பொருந்தியிருப்பவரின் கோப்பு, வெளிநாட்டுத் தகைமை பற்றிய நீண்ட ஆய்வுக்குப் பின்னால் காத்திருக்க வேண்டியதில்லை. அத்தகைய விண்ணப்பங்களைப் பதிவாளரே ஏற்று, பின்னர் சபைக்கு அறிக்கையிடும் முறை பற்றிச் சிந்திக்கலாம்.

ஆறாவதாக, பதிவு பெற்றவர்களின் பெயரும் இலக்கமும் எவரும் இலகுவாகப் பார்க்கக்கூடிய வகையில் இணையத்தில் இடம்பெற வேண்டும். அப்போது அச்சிட்ட தாளுக்காக ஒருவர் காத்திருக்க வேண்டியதில்லை. தொழில் வழங்குநரும் நோயாளியும் தாமே பார்த்து உறுதிசெய்யலாம். போலிக்கும் அதுவே சிறந்த மருந்து.

இவற்றுக்குப் பெருநிதி தேவைப்படாது. எனினும் போதிய எழுதுவினைஞர்களும் தமிழ் தெரிந்த அலுவலரும் இன்றி எந்தச் சபையாலும் விரைவாக இயங்க முடியாது. ஆளணியை வழங்காமல் சபையை மாத்திரம் குறைகூறுவது அமைச்சுக்கு அழகன்று.

நம் பங்கும் உண்டு

அரசு செய்யவேண்டியதை அரசு செய்யட்டும். நாம் செய்யக்கூடியதும் உண்டு. பெண்பிள்ளை க.பொ.த. சாதாரண தரம் எழுதும்போதே பிறப்புச் சான்றிதழையும் அடையாள அட்டையையும் அருகருகே வைத்து எழுத்துக்கெழுத்து ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கம் நம் வீடுகளில் வரவேண்டும். ஆங்கிலத்தில் பெயரை எவ்வாறு எழுதுவது என்பதை அன்றே தீர்மானித்து, அதனையே எங்கும் எழுத வேண்டும். பாடசாலை அதிபர்களும் பள்ளிவாசல், ஆலய நிர்வாகத்தினரும் கிராம அபிவிருத்திச் சங்கங்களும் ஆண்டுக்கொரு தடவை இதற்கென ஒருநாளை ஒதுக்கலாம். காத்தான்குடியில் நடப்பதைப் பார்த்து ஆரையம்பதியும், களுவாஞ்சிக்குடியில் நடப்பதைப் பார்த்து மருதமுனையும் செய்யலாம். இது இனம் பார்த்து வரும் துன்பமன்று. எனவே தீர்வும் சேர்ந்தே தேடப்படலாம்.

விண்ணப்பித்தவர்கள் சமர்ப்பித்த ஒவ்வோர் ஆவணத்தின் பிரதியையும், பதிவுத் தபால் பற்றுச்சீட்டையும், கடிதங்களின் திகதிகளையும் ஒரு கோவையில் பேண வேண்டும். நியாயமான காலம் கடந்தும் பதில் கிடைக்காவிடின், 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் தம் விண்ணப்பம் எக்கட்டத்தில் உள்ளது எனக் கேட்கலாம். கோரிக்கை மீது 14 வேலைநாட்களுக்குள் தீர்மானம் அறிவிக்கப்பட வேண்டும் என்பது சட்டம். பணிவுடனும் ஆதாரத்துடனும் கேட்கப்படும் கேள்வி பல வேளைகளில் கோப்பை அசைக்கும். இடைத்தரகருக்குப் பணம் கொடுப்பதை அறவே தவிர்க்க வேண்டும்.

பொருளாதார நெருக்கடியின்போது 2022 இல் அரச ஊழியர்கள் சம்பளமற்ற விடுமுறையில் ஐந்தாண்டுகள்வரை வெளிநாடு சென்று பணியாற்ற அரசு சுற்றறிக்கை மூலம் இடமளித்தது. அனுபவமுள்ள தாதியர் பலர் நாட்டைவிட்டுச் செல்லும் இக்காலத்தில், புதிதாக வருபவர்களை வாயிலிலேயே நிறுத்தி வைப்பது நமக்குக் கட்டுப்படியாகாது. வெளியே செல்லும் கதவு அகலத் திறந்திருக்க, உள்ளே வரும் கதவு ஒருக்களித்தே கிடந்தால் வீடு வெறுமையாகும்.

வாவியின் அக்கரையில் இன்று கருவுற்றிருக்கும் ஒரு தாய்க்கு ஒன்பது மாதங்களே உள்ளன. அவளால் அதைத் தள்ளிப்போட முடியாது. பதிவுச் சபைகளும் சுகாதார அமைச்சும் தங்கள் நாட்காட்டியை வகுக்கும்போது அவளது நாட்காட்டியையும் கருத்திற்கொள்ளுமாயின், மேலே கூறியவற்றுள் பல இவ்வாண்டிலேயே ஆரம்பிக்கத்தக்கவை என்பது புலப்படும்.